நாற்பது பேர் உலை

பதினேழு அட்டைப்பெட்டி.
கட்டிலுக்கடியில் ஆறு, பரணில் ஒன்பது,
கொல்லை அறையில்
எலி பாதி படித்து வைத்த இரண்டு.
ஒவ்வொன்றின் முதுகிலும்
தடித்த கறுப்பு மையில் அவர் பெயர்:
ஜெகபர் அலி, கூத்தாநல்லூர்.
கீழே எங்கள் பழைய போன் நம்பர்.
அந்த நம்பர் இப்போது யாரிடமோ.

இருபத்திரண்டு வருஷம்.
வந்த ஆள் அறுபது நாளில் திரும்பிவிடுவார்,
பெட்டி திரும்பாது.

வெண்ணாறு நிறைந்து ஓடிய ஐப்பசியில்
ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.
கம்பளி, புலி போட்டது, நாலு.
இந்த ஊரில் எந்த மார்கழி
இதையெல்லாம் கேட்டது?
கோடாலித் தைலம் முப்பத்தொன்று.
எங்கள் தெருவின் தலைவலி மொத்தத்துக்கும்
பத்து வருஷம் வரும்.
சோப்பு, சோப்பு,
மணம் போய் சாக்கட்டியாய் வெளிறிய சோப்பு.
"மாமிக்கு" என்று சீட்டு ஒட்டி
கொடுக்க மறந்த சென்ட் பாட்டில்.
மாமி மௌத்தாகி ஏழு வருஷம்.

இனி அவர் போகமாட்டார்.
கம்பெனி கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டது.
வங்கியில் இருப்பதை
நானும் அவரும் தனித்தனியே கூட்டிப் பார்த்தோம்.
இரண்டு பேருக்கும் ஒரே விடை.
அன்று ராத்திரி சொன்னேன்:
வீட்டில் இருப்பது தீரும்வரை
லெட்சுமாங்குடிப் பாலம் தாண்டி
கடைக்குப் போகக் கூடாது,
மருந்துக்கும் மீனுக்கும் தவிர.
மீனுக்குமா, என்றார்.
மீனுக்கும்தான்.

பெட்டி கட்டி வந்த நைலான் கயிறு
கொல்லையில் கொடியானது.
சோப்பைத் துருவி
கைலிகளை ஊறப் போட்டேன்.
நுரைக்கு வயசாகவில்லை.
ஒரு புலி
கௌசல்யா வீட்டு ஆட்டுக்குட்டிக்குப் போனது,
மழைக்கு.
இன்னொன்றை வெட்டி இஸ்திரி மேசைக்கு விரித்தேன்,
மிஞ்சிய வால் வாசலில் மிதியடி.
அட்டையெல்லாம் பழைய பேப்பர்காரருக்கு,
கிலோ எட்டு ரூபாய்,
அவர் பெயரோடு சேர்த்து நிறுத்தார்.
சென்ட் பாட்டிலை மட்டும்
கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன்.
திரும்பவும் பரணிலேயே வைத்தேன்.

பெட்டிகள் போன கூடத்தில்
இவர் நின்றார்
கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்.

இவருக்கு என்ன வேலை தெரியும்?
கேட்டதே இல்லை நான்.
போனில் கேட்க முடிந்ததெல்லாம்
சாப்பிட்டீங்களா.
ஸ்டோர் கீப்பர் என்றுதான்
பொதக்குடிச் சம்பந்திகளிடமும் சொன்னோம்.
இப்போது, கம்பளியை மடித்தபடியே,
யாரோ மூன்றாவது ஆளைப் பற்றிப் போல,
சொல்கிறார்:
கேம்பில் நாற்பது பேர்.
மூணு வேளையும் இவர்தான் சமையல்.

அப்படியானால் நாளைக்கு ஆணம் நீங்க வைங்க.

விடியற்காலை எழுந்து வந்தால்
அடுப்பின் மேல் கல்யாண அண்டா.
ஒரு வாரத்து வெங்காயம் ஒரே வதக்கலில்.
பருப்பு ஒன்றரைப் படி.
கை தானா அள்ளிடுச்சு, என்றார்.
சிக்கனம் தொடங்கிய வீட்டிலிருந்து
தெரு முழுக்கத் தூக்குவாளி போனது.
மூன்று நாள் நாங்களும் அதையே.
கடைசியில் கௌசல்யா வீட்டு மாட்டுக் கழனியில்.
எனக்குக் கோபம்தான்.
உப்பு சரியாக இருந்ததால்
சொல்ல முடியவில்லை.

பால்பவுடர் டின்னைக் கழுவும்போது
அடியில் கிடந்தது
நீலப் பிளாஸ்டிக் கரண்டி.
அளந்து பார்த்தேன்.
அதில் மூணு பருப்பு
இரண்டு பேருக்குச் சரி.

இப்போது பழகுகிறார்.
ஒன்று. இரண்டு. மூன்று.
நாலாவதை அள்ளிய பிறகு
என் முகத்தைப் பார்க்கிறார்.
அவ்வளவுதானா?
அவ்வளவுதான்.
நாலாவதை டின்னிலேயே கொட்டுகிறார்,
எவனோ ஒருத்தன் அங்கே
சாப்பிடாமல் வேலைக்குப் போய்விட்ட மாதிரி
முகத்தை வைத்துக்கொண்டு.